வலது காலில் அரை அங்குலம்

சின்ன டெய்லருடைய பேண்ட் தரையைக் கூட்ட ஆரம்பித்து மூன்று மாதம் இருக்கும். இரண்டு காலும் கூட்டியிருந்தால் உடம்பு இளைத்துவிட்டது என்று பெல்ட்டில் ஒரு ஓட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டு போயிருப்பார். கூட்டியது வலது கால் மட்டும். மடிப்பு செருப்புக்கு அடியில் மாட்டி, நைந்து, நூல் நூலாகத் தொங்கியது.

ஊரார் துணியை முப்பது வருடமாக அளக்கிற மனிதர், தன் பேண்ட்டை மேசையில் விரித்து அளந்தார். இரண்டு காலும் நாற்பது அங்குலம். மயிரிழை வித்தியாசம் இல்லை. வேறு யாராக இருந்தாலும், கோளாறு பேண்ட்டில் இல்லை, அதற்குள் நிற்கிற ஆளிடம்தான் என்று அப்போதே புரிந்திருக்கும். டெய்லருக்குப் புரியுமா? வலது காலைப் பிரித்து அரை அங்குலம் ஏற்றி மடித்துத் தைத்தார். கண்ணாடியில் பார்த்தார். சரியாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மற்ற மூன்று பேண்ட்டுக்கும் அதையே செய்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மற்றவர்கள் என்ன பாடு படுகிறார்களோ, தையற்காரனுக்கு அரை அங்குலம் போதும்.

"உங்க துணிய நீங்களே ஆல்டர் பண்ணிக்கிற அளவுக்கு வேலை இல்லாமப் போச்சா?" என்றார் காஜாக்காரர். கடை மூலையில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் பெரியவர் அவர். ஊசி நின்றாலும் வாய் நிற்காது.

"துவைச்சதுல சுருங்கிடுச்சு."

"சுருங்கினா குட்டையாகும். உங்களுது நீளமால்ல ஆகியிருக்கு?"

சின்ன டெய்லர் மெஷினை ஓட்டினார். இடது இடுப்பில் வலி இருந்தது உண்மைதான். செருப்பு மாட்டக் குனிந்தால் சுளீர் என்றது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஆனால் வலி இடது இடுப்பில், துணி வலது காலில். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

ஐம்பத்திரண்டு வயதிலும் அவர் சின்ன டெய்லர்தான், ஏனென்றால் பெரிய டெய்லர் என்று ஒருவர் இருந்தார். அண்ணன். இருவரும் அருகருகே இரண்டு மெஷின் போட்டுத் தைத்தார்கள். கீழே கடை, மேலே அண்ணன் குடும்பம். கடையின் பின்பக்கம் பன்னிரண்டு மரப்படி. ஏறினால் துணிச் சுருள்கள் அடுக்கிய முன்னறை, அதற்கப்புறம் சமையலறை. அண்ணன் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்கப்புறம் தம்பி தன் மெஷினை விட்டுவிட்டு அண்ணன் மெஷினில் உட்கார்ந்தார். அண்ணன் ஸ்டூலில், அண்ணன் போட்டு உட்கார்ந்த வெட்டுத்துணி மெத்தைமேல், அது இருந்த இடம் மாறாமல், அதே இடது ஓரத்தில். யாராவது அதைத் தட்டிப் போடுகிறேன் என்று கையை வைத்தால் எரிந்து விழுவார்.

கடைசி இரண்டு வருடம் அண்ணன் நடந்தால் ஒரு சத்தம் வரும். ஒரு கால் தொம்மென்று விழும், மற்றக் கால் சர்ரென்று இழுபடும். தொம், சர். தொம், சர். கடைக்குள் உட்கார்ந்திருந்தால் அவர் எத்தனையாவது படியில் இருக்கிறார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அந்தச் சத்தம் திரும்ப வந்துவிட்டது.

முதலில் கேட்டது ஒரு காலை வேளையில். கடைச் சாவி மேலே அண்ணி வீட்டு ஆணியில்தான் தொங்கும்; தினமும் பக்கவாசல் வழியாக வந்து, படியேறிப்போய் எடுத்து வர வேண்டும். அது அண்ணன் காலத்து ஏற்பாடு, யாரும் மாற்றவில்லை. அன்று ஐந்தாவது படியில் இருக்கும்போது பின்னால் தொம், சர் என்று கேட்டது. திரும்பினார். யாரும் இல்லை. நின்றால் அதுவும் நின்றது. ஏறினால் அதுவும் ஏறியது. அது தன் காலடிதான் என்று புரிந்தபோது பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, அதிகமானது. தன் காலில் அண்ணன் எப்படி நடக்கிறார்?

அப்புறம் கண்ணாடி. கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு, அளவு பார்க்க. ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, தெருவில் வண்டிகள் கத்திக்கொண்டிருக்கும்போது, வாடிக்கையாளருக்குக் கோட் மாட்டிவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடியில் வாடிக்கையாளருக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தார். இடது இடுப்பு வெளியே தள்ளி, வலது பக்கம் தொய்ந்து, கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டு, அப்படியே. சின்ன டெய்லர் கையை உயர்த்தினார். அண்ணனும் கையை உயர்த்தினார். கோட்டுக்காரர், "என்ன மாஸ்டர், வியர்க்குது?" என்றார்.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று நடந்தது. அண்ணி ஒரு மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். "அவரோட பேண்ட்டுங்க தம்பி. சும்மா வெச்சு என்ன பண்றது? பிரிச்சுத் தச்சா யாருக்காவது ஆகுமான்னு பாருங்க." சின்ன டெய்லர் பழக்கதோஷத்தில் முதல் பேண்ட்டை அளந்தார். இடது கால் நாற்பத்தொன்று. வலது கால் நாற்பதரை. அடுத்ததை எடுத்தார். நாற்பத்தொன்று, நாற்பதரை. எட்டுப் பேண்ட். எட்டிலும் வலது காலில் அரை அங்குலம், உள்ளே மடித்து, வெளியே தெரியாத தையல். அந்தத் தையல் யார் கை என்று அவருக்குத் தெரியாதா?

அண்ணனும் இதையே செய்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த தம்பிக்குத் தெரியவில்லை. சின்ன டெய்லர் துணி வெட்டும் மேசைக்கடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் எங்கும் போகவில்லை, என் இடுப்புக்குள் வந்து நிற்கிறார் என்றே நம்பினார். வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பதினோரு மாதத்துக்கு முன்பு, அன்று ஒரு பள்ளிக்கூடச் சீருடை வேலை. அண்ணன் படியடியில் நின்று, "இடுப்பு ரொம்ப வலிக்குதுடா, நீ போய் மேலேர்ந்து நீலச் சுருள எடுத்துட்டு வந்துடேன்" என்றார். தம்பி மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேலைன்னு வந்தாதான் உனக்கு இடுப்பு வலிக்கும். நடிக்காதண்ணா, போய் எடுத்துட்டு வா" என்றார். அண்ணன் படிப்பக்கம் திரும்பினார். தொம், சர் என்று ஏறினார். சுருளோடு இறங்கினார். மேலிருந்து மூன்று படி கேட்டது. நாலாவது கேட்கவில்லை. கீழிருந்து எண்ணினால் அது ஒன்பதாவது படி.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இடுப்பு வலியும் அப்படித்தான், ஆனால் தெரியவரும்போது யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் தானாகப் போயிருக்கமாட்டார். மனைவிதான், மனிதர் கட்டிலில் உட்கார்ந்து பேண்ட்டில் காலை நுழைக்க முடியாமல் பல்லைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு, முதலில் எக்ஸ்ரே எடுக்கவும் பிறகு பிசியோதெரபிக்கும் இழுத்துக்கொண்டு போனார். பிசியோதெரபி அறையில் ஒரு நீளக் கட்டில், சுவரோரம் கம்பி, ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்ததும் சின்ன டெய்லருக்கு வாசலிலேயே திரும்பிவிடலாமா என்றிருந்தது.

"எலும்பு நல்லா இருக்கு" என்றார் அங்கிருந்த பெண், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி. "தேய்மானம்னு பெருசா ஒண்ணுமில்ல. கண்ணாடியப் பாத்து நில்லுங்க. இப்ப இடது கால்ல மட்டும்."

பின்னால் நின்று அவருடைய இரண்டு இடுப்பெலும்பிலும் கை வைத்துக்கொண்டார். சின்ன டெய்லர் வலது காலைத் தூக்கினார். கண்ணாடியில் வலது இடுப்பு சரிந்து கீழே போனது, உடம்பு இடதுபக்கம் சாய்ந்தது, அண்ணன் நின்றார். சின்ன டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா? இடது இடுப்புல பக்கவாட்டுல ஒரு தசை இருக்கு. ஒத்தக் கால்ல நிக்கும்போது அதுதான் மறுபக்கத்த விழாமத் தாங்கணும். உங்களுக்கு அது ஓய்ஞ்சு போயிருக்கு. அதனால வலி இந்தப் பக்கம், சரியறது அந்தப் பக்கம்." குனிந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். "இந்தப் பேண்ட்ட எந்த டெய்லர் தச்சான்? ஒரு கால் குட்டையா இருக்கே!"

"நான்தாங்க அந்த டெய்லர்."

அந்தப் பெண்ணுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஒரு ஸ்டூலைக் காட்டி, கடையில் எப்படி உட்காருவார் என்று உட்கார்ந்து காட்டச் சொன்னார். சின்ன டெய்லர் உட்காரும் முன் ஒரு துண்டை எடுத்து மடித்து இடதுபக்கம் வைத்தார்.

"அது எதுக்கு?"

"கடையில ஒரு மெத்தை இருக்கு. அண்ணன் வெச்சிருந்தது."

"அவருக்கு என்ன?"

"இடுப்பு வலி. இப்ப இல்ல. தவறிட்டாரு, பதினோரு மாசமாச்சு. அவர் இடத்துல இப்ப நான்தான் உட்கார்றேன்."

அந்தப் பெண் துண்டை எடுத்துவிட்டார். "ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், பதினோரு மாசமா அவர் உட்கார்ந்த மாதிரியே கோணலா உட்கார்ந்திருக்கீங்க. உடம்பு பாவம், சொன்னபடி கேட்டிருக்கு" என்றார்.

"அப்ப எங்க அண்ணனுக்கும் இதேதானா? அவருக்கும் சரியாகியிருக்குமா?"

"அவரப் பாக்காம நான் எப்படிங்க சொல்ல முடியும்?"

முடியாதுதான். ஆனால் சின்ன டெய்லருக்கு அது 'ஆமாம்' என்றுதான் கேட்டது.

பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி நிறுத்தி இறக்க வேண்டும். வலதுபக்கம் ஒருக்களித்து, குதிகால் இரண்டும் ஒட்டியிருக்க, மேல் முட்டியை மட்டும் திறக்க வேண்டும். "இழுக்கற மாதிரி வலிச்சா பரவாயில்ல. சுளீர்னு குத்தினா நிறுத்திடுங்க. மெத்தைய இன்னிக்கே எடுத்துடுங்க. மணிக்கொரு தடவ எழுந்து நடங்க." பிறகு, "மாடிப்படி இருக்கா?" என்றார்.

சின்ன டெய்லர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். மனைவி, "இருக்கு, கடையில" என்றார்.

"நல்லதாப் போச்சு. முதல் படி போதும். பக்கவாட்டுல நின்னு, சுவத்தப் பிடிச்சுக்கிட்டு, இடது கால் படிமேல, வலது கால் வெளிய தொங்கணும். வலது இடுப்ப மெல்ல இறங்க விட்டு, திரும்ப மேல தூக்கணும். முட்டிய மடக்கக் கூடாது. தினம் காலையில பத்து. உங்களுக்கு மருந்தே அந்தப் படிதான்."

வீட்டில் படுத்துச் செய்வதையெல்லாம் ஒரு வாரம் செய்தார். படியில் இரண்டே நாள் செய்தார். மூன்றாம் நாள் காலை, பயிற்சிக்கு முன்பே சாவியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏறினார். தொம், சர். மேலே சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அண்ணி அடுப்பைப் பார்த்து நின்றிருந்தார். டீ வடிகட்டத் தூக்கிய கை அப்படியே அந்தரத்தில். உதடு மட்டும் அசைந்தது. எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், யாரிடமோ. சின்ன டெய்லர் மேலே வந்து சேர்ந்ததும் உதடு நின்றது, கை இறங்கியது, டீ டம்ளரில் விழுந்தது.

அவருக்குப் பொட்டில் அடித்தாற்போல் புரிந்தது, அல்லது புரிந்தது என்று நினைத்தார். அண்ணி அண்ணனோடு பேசுகிறார். பன்னிரண்டு படிக்கு அண்ணன் ஏறி வருகிறார். கதவில் தம்பி முகம் தெரிந்ததும் போய்விடுகிறார். அந்த அம்மாவுக்கு மிச்சம் இருப்பது இந்தச் சத்தம் ஒன்றுதான். இதையும் பயிற்சி செய்து சரிப்படுத்திவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? ஆளைக் கொன்றது போதாதா, அவன் காலடியையும் நானே எடுத்துக்கொள்ள வேண்டுமா?

அன்றே எல்லாவற்றையும் நிறுத்தினார். பெட்டியில் போட்ட மெத்தையை எடுத்து ஸ்டூலின் இடது ஓரத்தில் திரும்ப வைத்தார். உட்கார்ந்தபோது வலி பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு நிம்மதிகூட இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். பட்ட கடனைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடைக்கிறவனுக்கு வருமே, அந்த நிம்மதி.

"பிசியோவுக்குப் போய்ட்டு வந்து இன்னும் கோணிக்கிட்டீங்களே?" என்றார் காஜாக்காரர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் போனது. மறுபடி சீருடைக் காலம். காஜாக்காரருக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. நீலச் சுருள் வேண்டும். சின்ன டெய்லர் மேலே போனார், சுருளைத் தோளில் ஏற்றினார், இறங்கினார். ஒரு படி, இரண்டு படி, மூன்று. நாலாவதில் இடது காலை ஊன்றி வலது காலை இறக்கும்போது இடுப்பு தாங்கவில்லை. விட்டுவிட்டது, நூல் அறுந்த மாதிரி. சுருள் தோளிலிருந்து உருண்டு தடதடவென்று கீழே போனது. அவர் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேலே அண்ணி போட்ட சத்தம் மனிதச் சத்தமாகவே இல்லை.

சுருள் கீழே சுவரில் மோதி நின்றது. அண்ணி படியின் உச்சியில் வந்து நின்றார். கண் கீழே போனது, சுருளைப் பார்த்தது, அப்புறம்தான் ஒன்பதாவது படியில் உட்கார்ந்திருந்த கொழுந்தனைப் பார்த்தது. அப்படியே மேல்படியில் உட்கார்ந்தார். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"எனக்கு ஒண்ணும் ஆகல அண்ணி."

"ஆகல. இன்னிக்கு ஆகல." குரல் கிறீச்சிட்டது. "உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தாங்களாமே? உங்க வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க. ஏன் செய்யறதில்ல?"

சின்ன டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார். எப்படிச் சொல்வது? ஆனால் சொன்னார். "காலையில நான் ஏறி வரும்போது... அண்ணன் வர்ற மாதிரி இருக்குல்ல. நீங்க அவரோட பேசறத ஒருநாள் பாத்தேன். அதயும் நான் நிறுத்திடக் கூடாதுன்னுதான்."

அண்ணி அவரையே பார்த்தார்.

"பேசலங்க தம்பி. எண்ணுறேன்."

"என்ன?"

"படிய எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு அடுத்தது விழற சத்தமும் காதுல கேக்கும். ஒன்பது தாண்டறவரைக்கும் மூச்சு வராது. நீங்க ஏறும்போதும் எண்ணுவேன், இறங்கும்போதும் எண்ணுவேன். நாலு மாசமா, தினமும் காலையில, அவர் என் காதுல விழுந்துக்கிட்டே இருக்காரு."

சின்ன டெய்லருக்கு உடம்பெல்லாம் கூசியது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, தினம் ஒருமுறை அந்த அம்மாவைப் படியிலிருந்து உருட்டிவிட்டிருக்கிறார். இனி மறைக்க எதுவும் இல்லை என்று வாயைத் திறந்தார்.

"அண்ணி, அன்னிக்கு அண்ணன் என்னத்தான் எடுத்துட்டு வரச் சொன்னாரு. நான்தான்..."

"கேட்டுச்சு."

"என்னது?"

"அவர் கேட்டதும் கேட்டுச்சு, நீங்க சொன்னதும் கேட்டுச்சு. இந்தக் கதவு தொறந்துதான் இருந்தது."

"அப்ப ஏன் இத்தன நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எப்படிக் கேப்பேன்? மேல வந்தாரு. என்னால முடியலம்மான்னாரு. சுருளத் தூக்கி அவர் தோள்ல வெச்சது யாரு? நான்தானே."

கீழே கடையில் யாரோ "டெய்லர், டெய்லர்" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருவரும் எழவில்லை. அழுதார்கள். ஒரு வருடமாக ஆளுக்கொரு அறையில் தனித்தனியாக வைத்திருந்த அழுகை.

அப்புறம் அண்ணிதான் முதலில் எழுந்தார். சுவரைப் பிடித்துக் கீழே இறங்கி, கடைக்குள் போய், ஸ்டூலிலிருந்து மெத்தையை எடுத்தார். "இது அவர் வலிக்கு அவர் தச்சுக்கிட்டது. உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டு, இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

மறுநாள் காலை சின்ன டெய்லர் வந்தபோது அண்ணி படியின் நடுவில் உட்கார்ந்திருந்தார், கையில் டீயோடு. "பத்துன்னு சொன்னாங்களாம்ல? ஆரம்பிங்க. நான் எண்ணுறேன். எண்ணி எண்ணிப் பழகிப்போச்சு." சின்ன டெய்லர் முதல் படியில் பக்கவாட்டில் நின்றார். வலது காலைத் தொங்கவிட்டார். இடுப்பை இறக்கினார், ஏற்றினார். "ஒண்ணு" என்றார் அண்ணி. "முட்டி மடங்குது. அது கணக்குல சேராது. திரும்ப ஒண்ணு."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நகர்வது தெரியாது, அவ்வளவுதான். இரண்டாம் வாரம் வலி கூடியதுபோல் இருந்தது; பிசியோதெரபிப் பெண் எண்ணிக்கையைக் குறைத்துத் திரும்பக் கூட்டினார். நாலாம் வாரம் இடதுபக்கம் ஒருக்களித்துத் தூங்கினார். ஏழாம் வாரம் காஜாக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மாஸ்டர், வலது கணுக்கால் வெளிய தெரியுது. வெள்ளம் வரப்போகுதுன்னு யாராவது சொன்னாங்களா?"

சின்ன டெய்லர் அன்று மாலை நாலு பேண்ட்டையும் பிரித்து அரை அங்குலத்தை இறக்கிவிட்டார். அண்ணனுடைய எட்டுப் பேண்ட்டை மட்டும் பிரிக்கவில்லை. அவை அப்படியே மேசைக்கு அடியில் இருந்தன.

அந்த வாரம் அண்ணி ஊருக்குத் தன் தங்கையைப் பார்க்கப் போய்விட்டு ஐந்தாறு நாள் கழித்து வந்தார். வந்த மறுநாள் காலை சின்ன டெய்லர் பக்கவாசல் வழியாக நுழைந்தார். மேலே டீ கொதிக்கும் வாசனை. ஏறினார். ஒரே சீராக, அவசரமில்லாமல், பன்னிரண்டு படி. ஒன்பதாவதைத் தாண்டியது அவருக்கே தெரியவில்லை.

உள்ளிருந்து அண்ணி குரல் கொடுத்தார்.

"யாருங்க அது?"

சின்ன டெய்லர் வாசலில் நின்றார்.

"நான்தான் அண்ணி."

அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே நின்றார், திரும்பவில்லை. அண்ணன் இனிமேல் இந்தப் படியில் ஏறி வரமாட்டார் என்று அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

"சாவி ஆணியிலதான் இருக்கு, எடுத்துக்கோங்க" என்றார் அண்ணி.